ஆற்றுக்குக் குறுக்கே படுத்தது யார்?

அரை நாள் போதுமாம் காஞ்சிபுரத்துக்கு. வெளியூர்க்காரர்களுக்கு விடுதியில் கொடுக்கிற துண்டுத்தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது. விடிந்ததும் சர்வதீர்த்தக் குளக்கரை, பிறகு ஏகாம்பரநாதர், நடை சாத்துவதற்குள் வரதராசர் கோயில், அதன் அனந்தசரசு குளம், கடைசியாகக் காந்தி ரோட்டில் பட்டு. மதியச் சோற்றுக்குச் சென்னை திரும்பிவிடலாம். நீரோரமாக நடந்து வரலாற்றை அனுபவியுங்கள் என்று வேறு எழுதியிருக்கிறான். அனுபவித்துத்தான் பார்ப்போமே என்று போன தை மாசத்தில் ஒரு நாள் நானும் ஒரு தோழரும் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தோம்.

தாளில் குளங்கள் இருக்கின்றன. ஆறு இல்லை. காஞ்சிபுரத்துத் தண்ணி என்றால் முதலில் வேகவதிதானே? ஊரின் தெற்கோரமாய் ஓடி, திருமுக்கூடலில் பாலாறோடும் செய்யாறோடும் சேர்கிற ஆறு. அதைக் காட்டினால் அதன் கரையில் இருக்கிற சனங்களையும் காட்ட வேண்டிவரும். அதனால் ஆற்றையே அழித்துவிட்டார்கள்.

முதலில் ஏகாம்பரநாதர். 1509இல் கிருஷ்ணதேவராயன் எழுப்பிய ராஜகோபுரம் என்று வழிகாட்டி அண்ணாந்து காட்டினார். கழுத்து வலிக்க எல்லோரும் அண்ணாந்தார்கள். கோயிலின் வெளிமதிலில் புத்தர் உருவம் செதுக்கிய கற்கள் கிடப்பதை மயிலை சீனி. வேங்கடசாமி 1940இலேயே 'பௌத்தமும் தமிழும்' நூலில் எழுதிவைத்தார். அதற்கு அண்ணாக்க வேண்டியதில்லை, பக்கவாட்டில் திரும்பினால் போதும். ஒருத்தரும் திரும்பவில்லை. ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட நாட்டில் ஏறத்தாழ நூறு விகாரங்களும் பத்தாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதினார். மணிமேகலை தன் கடைசிக் காலத்தைக் கழித்த ஊர் இது. காமாட்சி கோயிலில் இருந்த ஆளுயரப் புத்தர் இன்றைக்குச் சென்னை அருங்காட்சியகத்தில் நிற்கிறார். நாம் பூர்வ பௌத்தர் என்று அயோத்திதாசப் பண்டிதர் 'தமிழன்' இதழில் எழுதியபோது சிரித்தவர்கள், அந்த நூறு விகாரமும் எங்கே போச்சு என்று இன்றுவரை சொல்லவில்லை. கல் மட்டும் மதிலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சரி, அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

வரதராசர் கோயிலுக்குப் போகிற வழியில் திருவெஃகா என்று ஒரு கோயில். யதோத்தகாரிப் பெருமாள், தமிழில் சொன்னவண்ணம் செய்த பெருமாள். தலபுராணம் என்ன சொல்கிறது? பிரம்மா யாகம் பண்ணினாராம். கோபித்துக்கொண்ட சரஸ்வதி அதைக் கெடுக்க வேகவதி ஆறாகப் பெருக்கெடுத்து வந்தாளாம். பெருமாள் ஆற்றுக்குக் குறுக்கே அணையாகப் படுத்துக்கொண்டாராம். ஆக, வேகவதியை முதலில் ஆக்கிரமித்தது யார்? பெருமாள். அவர் கோயில் வாசலில் ஒரு வருவாய்த்துறை ஊழியரும் நோட்டீஸ் ஒட்டவில்லை.

நோட்டீஸ் ஒட்டியது கரையில். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கணக்கெடுத்து, அளந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 'ஆக்கிரமிப்பாளர்' என்று பெயர் சூட்டினார்கள். ஊருக்கு வெளியே கீழ்க்கதிர்பூரில் குடிசைமாற்று வாரியம் அடுக்குமாடி கட்டியது. கரையில் இருப்பவர் எல்லோரும் நம்ம ஆட்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கூலி நெசவாளி இருக்கிறான், சித்தாள் இருக்கிறாள், கடைகளில் மூட்டை தூக்குகிறவன் இருக்கிறான். பல சாதி. ஆனால் ஊர் நடுவில் ஒரு சென்ட் மனை இல்லாதவன் என்பதில் எல்லோரும் ஒன்று.

வெள்ளம் வந்தது பொய்யா? இல்லை. ஆற்றை மீட்க வேண்டாமா? வேண்டும். வெள்ளத்தில் முதலில் மிதப்பது எங்கள் பாத்திரம்தான், அதனால் எங்களுக்குத்தான் அதிகம் வேண்டும். கேள்வி அதுவல்ல. இந்த ஆற்றில் விழுகிற சாக்கடை கரைக் குடிசையிலிருந்தா வருகிறது? பட்டுக்கு ஏற்றிய சாயம் யார் வீட்டுத் தண்ணி? ஒரு நகரமே தன் கழிவைக் கொட்டிவிட்டு, அந்த நாற்றத்தின் ஓரமாகத் தூங்குகிறவனைப் பார்த்து நீதான் ஆற்றைக் கெடுத்தாய் என்கிறது.

கரையில் ஒரு அக்கா எங்களை உட்கார வைத்து டீ கொடுத்தார். கையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, பட்டுச்சேலைப் படத்தில் விரலை வைத்தார். "இந்தக் கரை இருக்குதே தம்பி, இதுக்குப் பேரு கோர்வை. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம். ரெண்டையும் பின்னி இணைக்கணும். ஒருத்தரால ஆவாது. நெய்றவரு ஒரு பக்கம், கரைக்கு நாடா தள்ள இன்னொரு ஆளு. அந்த இன்னொரு ஆளு நானு. ஏழு வயசு."

அப்பா வாங்கிய முன்பணத்துக்கு அவர் உட்கார்ந்தார். முன்பணம் கழியவே இல்லை, தங்கச்சியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். அதற்கு இருபத்தேழு வருசம் கழித்து, 2003இல், மனித உரிமைக் கண்காணிப்பகம் பட்டுத்தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இருக்கிறது. காந்தி ரோட்டுக் கடையில் தறியைக் காட்டி விளக்கும் பையன் கோர்வையின் பெருமையை அழகாகச் சொன்னான். இரண்டாவது ஆள் யார் என்று தோழர் கேட்டார். "ஹெல்ப்பர் சார்" என்றான்.

கீழ்க்கதிர்பூர் போக ஏன் தயங்குகிறீர்கள் என்று கேட்டேன். அக்கா சிரித்தார். இங்கே ஓடுவது குழித்தறி. தரையில் குழி தோண்டி, அதில் காலை விட்டு மிதி மிதிக்க வேண்டும். "மூணாவது மாடியில எங்க தம்பி குழி தோண்டுறது? கீழ் வீட்டுக்காரன் தலையிலயா?" காரைவீடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. திட்டம் போட்ட எந்தப் பொறியாளனும் அவர்கள் உட்கார்ந்து செய்கிற வேலையைக் குனிந்து பார்க்கவில்லை. தறி இல்லாத வீட்டுக்குப் போனவன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேன் ஏறுவான், இல்லை மறுபடி கரைக்கே வந்து வாடகைக்குக் குந்துவான்.

இந்தச் சனங்களுக்கு நிலம் ஏன் இல்லை? அந்தக் கேள்வியும் இந்த மண்ணிலேயே புதைந்து கிடக்கிறது. அன்றைய செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் டிரெமென்ஹீர் 1891இல் பறையர் நிலை பற்றிக் குறிப்பு எழுதினான், 1892இல் பஞ்சமி நில உத்தரவு வந்தது. விற்கக்கூடாது, வேற்றுச்சாதி வாங்கக்கூடாது என்ற நிபந்தனையோடு தந்த நிலம் எப்படி மாயமானது? அதைக் கேட்டுத்தான் காரணையில் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். பஞ்சமி நிலத்தில் பங்களா கட்டினவன் பட்டாதாரர். ஆற்றோரம் ஓலை போட்டவள் ஆக்கிரமிப்பாளர். அகராதி யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அனந்தசரசுக்கு வருவோம். நாற்பது வருசத்துக்கு ஒருமுறை குளத்து நீரை இறைத்து அத்திவரதரை வெளியே எடுக்கிறார்கள். 1939, 1979, 2019. கடைசிமுறை ஒரு கோடிக்கு மேல் சனம் வந்தது. சென்னைக் குழாய்களில் காற்று வந்த அதே 2019. ரோடு, பந்தல், தண்ணி, மின்சாரம், எல்லாம் சில வாரத்தில் முளைத்தன. அரசுக்கு முடியாது என்று எதுவும் இல்லை என்பதைக் கண்ணால் பார்த்தோம். 1939இல்? அந்த வருசம் ஆலயப் பிரவேசச் சட்டம் என்று ஒன்று வந்தது, ஆனால் அது திறந்துவிட்ட தர்மகர்த்தாவை வழக்கிலிருந்து காப்பாற்றத்தான். உரிமையாகக் கதவைத் திறந்த சட்டம் 1947. அப்படியென்றால் 1939இல் அத்திவரதர் வெளியே கிடந்தபோது அக்காவின் தாத்தா எந்தத் தெருமுனையில் நின்றிருப்பார்? அரை நாள் நடையில் இதற்கு ஒரு நிமிசம் ஒதுக்கக்கூடாதா? வடகலை தென்கலை நாமச் சண்டை நூறு வருசத்துக்கு மேல் கோர்ட் ஏறுவதை மட்டும் வழிகாட்டி சுவையாகச் சொல்கிறார்.

அவர் சொல்லாமல் விட்ட கதை ஒன்று உண்டு. பிரம்பறுக்கிற தம்பதி எடுத்து வளர்த்த பிள்ளை திருமழிசை ஆழ்வார். அவர் சீடன் கணிகண்ணனைப் பல்லவ ராசா ஊரைவிட்டுத் துரத்தினான். ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் சொன்னதும் திருவெஃகாப் பெருமாள் பாம்புப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாராம். ஊர் இருண்டு போனதாம். ராசா ஓடிவந்து காலில் விழுந்து திரும்பக் கூட்டிவந்தானாம். சொன்னவண்ணம் செய்தவர் என்ற பெயர் அதனால்தான். ஒருத்தனைத் துரத்தினதற்கே சாமி பாயைச் சுருட்டியது. ஆயிரம் குடும்பத்துக்கு நோட்டீஸ் ஒட்டியபோது புரண்டுகூடப் படுக்கவில்லை. புராணத்தை நான் நம்பவில்லை. நம்புகிறவர்களிடம்தான் கேட்கிறேன்.

இந்தியாவில் பன்னிரண்டு பாரம்பரிய நகரங்களைப் பொறுக்கி 2015 முதல் 2019 வரை மத்திய அரசு நடத்திய ஹிருதய் திட்டத்தில் காஞ்சியும் ஒன்று. பாரம்பரியம் என்று அவர்கள் எழுதிய பட்டியலில் குழித்தறி வீடு வருமா, வராதா? வருமென்றால் அது நிற்க ஊருக்குள் மனை வேண்டும். கோயில்களுக்கு நிலம் இல்லாத ஊரா இது? தரைத்தளத்தில், குழி தோண்டுகிற மாதிரி, தறியோடு வீடு கொடுங்கள். பெண்கள் பெயரில் பட்டா கொடுங்கள். பிறகு ஆற்றைத் தூர் வாருங்கள், நாங்களே மண்வெட்டியோடு வருகிறோம்.

நாங்கள் கிளம்பும்போது மணி ஒன்றரை. கோயில் நடை சாத்தியிருந்தது. அந்தத் தாளை அக்கா திருப்பிக் கேட்டார், பேத்திக்குப் படம் காட்டவாம். கொடுத்துவிட்டு வந்தோம்.