உயிரோடு இருப்பதற்கு ஒரு படிவம்

நவம்பர் பிறந்தால் நான் உயிரோடு இருப்பதை நிரூபித்தாக வேண்டும். மத்திய அரசின் ஓய்வூதியம் வாங்கும் எல்லோருக்கும் இந்தக் கடன் உண்டு. 80 வயதைத் தாண்டியவர்கள் மட்டும் அக்டோபர் முதல் தேதியிலேயே தொடங்கிவிடலாம். முன்பெல்லாம் வங்கிக்குப் போய் அதிகாரி முன்னால் உட்கார்ந்து படிவத்தில் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' என்ற மின்னணு உயிர்ச்சான்று வந்தது. விரலை வைத்தால் போதும் என்றார்கள். 2021-இல் முகத்தைக் காட்டினாலே போதும் என்றானது. படுக்கையில் கிடப்பவர்களுக்கு இது பெரிய உதவி. கட்டணம் கட்டினால் தபால்காரரே கருவியோடு வீட்டுக்கு வருகிறார்.

போன நவம்பரில் வங்கியில் என் ரேகை விழவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று, ஈரத் துணியால் துடைத்தும் பார்த்தாயிற்று. வயதாக ஆகத் தோல் வறண்டு ரேகையின் மேடுகள் தேய்ந்துவிடுகின்றன. சிமென்ட் குழைத்தவர்களுக்கும், பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்தவர்களுக்கும் அந்தத் தேய்மானம் முன்னதாகவே வந்துவிடும். உழைத்த கையைத்தான் இந்தக் கருவிக்கு அடையாளம் தெரிவதில்லை. சரி, முகத்தைக் காட்டுங்கள் என்றார்கள். கண்ணைச் சிமிட்டச் சொன்னது திரை. கண்புரை அறுவை முடிந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நான் சிமிட்டியது அதற்குப் போதவில்லை.

"சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது சார்" என்றார் கருவியோடு உட்கார்ந்திருந்த இளைஞர். நல்ல பிள்ளைதான். எதிரே மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னை அவருக்குத் தெரிகிறது. ஆனால் அவருக்குத் தெரிவது இப்போது கணக்கில் வராது.

இயந்திரத்தைக் கண்டு மிரள்கிற கிழவன் என்று என்னை நினைக்க வேண்டாம். தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். மோர்ஸ் சத்தம் இன்றும் தூக்கத்தில் கேட்கும். அன்று ஊரே அந்த ஒரு கம்பியைத்தான் நம்பியிருந்தது. கம்பி அறுந்தால் வேறு ஊர் வழியாகச் சுற்றி அனுப்புவோம்; அதுவும் முடியாவிட்டால் செய்தியைத் தபாலில் போடுவோம். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் தந்திச் சேவகரே பிரித்துப் படித்துச் சொல்வார். சாவுச் செய்தி என்றால் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்துவிட்டும் வருவார். 2013 ஜூலையில் தந்தி நின்றபோது நான் கண்ணீர் விடவில்லை. அதைவிட வேகமானது வந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆகவே என் வழக்கு வேறு. புது வாசலைத் திறப்பவர்கள் பழைய வாசலை ஏன் செங்கல் வைத்து அடைக்கிறார்கள்? கவுன்ட்டரை மூடினால் அலுவலகத்துக்குச் செலவு மிச்சம். ஆனால் அந்தச் செலவு எங்கும் போய்விடுவதில்லை. மகனின் அரை நாள் விடுப்பாகவும், பிரவுசிங் சென்டரில் நீட்டும் ஐம்பது ரூபாயாகவும் எங்கள் தலையில் வந்து விழுகிறது. இன்னொன்றும் உண்டு. ஓடிபி எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று காலையும் மாலையும் எச்சரிக்கிறார்கள். படிக்கத் தெரியாத என் பக்கத்து வீட்டு அம்மாள், எந்த வேலை ஆக வேண்டுமென்றாலும், முன்பின் தெரியாத ஒருவரிடம் போனையே நீட்டி, "நீயே பார்த்து அடிச்சுக்கப்பா" என்கிறார். அவருக்கு வேறு வழி வைக்கவில்லை. நாளை பணம் பறிபோனால் 'விழிப்புணர்வு இல்லாதவர்' என்று அவரையே சொல்வார்கள்.

இளைஞர்களுக்கும் வாசல் அடைபட்ட நாள் ஒன்று உண்டு: 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. யூபிஐ நாடு முழுக்கச் சில மணி நேரம் தடுமாறியது. எங்கள் தெரு டீக்கடையில் இளைஞர்கள் போனை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து பழைய கடன் நோட்டை எடுத்து, பெயர் எழுதி அனுப்பிவைத்தார். பெயர் தெரிந்தவர்களை மட்டும்தான்.

மாற்று வழி வேண்டும் என்பது அரசுக்கும் புரியாமல் இல்லை. 2020-இல் ரேஷன் கடைக்கு விரல்ரேகை இயந்திரம் வந்த தமிழ்நாட்டில்தான், 2025 ஆகஸ்டில் 70 வயதைத் தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டு வாசலுக்கே பொருளைக் கொண்டுபோகும் 'தாயுமானவர்' திட்டமும் தொடங்கியது. வரமுடியாதவரைத் தேடி ஆள் போகிறார். வங்கிக்கும் மின்கட்டணத்துக்கும் மருத்துவமனை டோக்கனுக்கும் இதே யோசனை ஏன் வரக்கூடாது?

என் கதைக்கு வருகிறேன். காகிதப் படிவத்தை விதி இன்றும் அனுமதிக்கிறது. கேட்டேன். அந்த இளைஞருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. வாசலருகே உட்கார்ந்திருந்த அலுவலக உதவியாளர் எழுந்து வந்தார். 15 வருடமாக என்னைப் பார்ப்பவர். அலமாரியின் அடித்தட்டில் கையை விட்டுத் துழாவி, ஓரம் பழுப்பேறிய ஒரு கட்டிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன், மேலாளரும் போட்டார், இரண்டே நிமிடம்.

அந்த உதவியாளர் வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார்.