தரகருக்கு முன் தங்கை!

தந்தை மறைந்தபின் அவர் வீட்டை விற்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது தரகரை. அது சரியல்ல. முதலில் உடன்பிறந்தவர்கள் கூடிப் பேசவேண்டும்.

தந்தை தானே சம்பாதித்த வீடு, உயில் இல்லை. அப்படியானால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. "சீர் செய்து அனுப்பிவிட்டோமே" என்று மகளை ஒதுக்க முடியாது! அவள் கையெழுத்து இல்லாத விற்பனை கோர்ட்டுக்குப் போகும்.

வாரிசுச் சான்றிதழ், தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். வீட்டு வரி பாக்கியைக் கட்டுங்கள். ஒழுகும் இடத்தை அடைத்து, வெள்ளையடியுங்கள்.

பிறகு தரகரைப் பாருங்கள். அவர் முன்பு விற்றுக் கொடுத்தவர்களிடம் விசாரியுங்கள். தரகுத் தொகையை முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அசல் பத்திரத்தையோ, வெற்றுத்தாளில் கையெழுத்தையோ கொடுக்காதீர்கள்!

வீடு கைமாறலாம். தீபாவளிக்குத் தங்கை வருவது நிற்கக் கூடாது.