காயிலா, கம்பியா?

கார் வைத்திருக்கும் நேயர்களே! கிள்ளானிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியாகக் கோலாலம்பூருக்கு வருகிறீர்கள். பிரிக்ஃபீல்ட்ஸ் சாலை விளக்கில் நிறுத்தியதும் என்ஜின் குளிர்காய்ச்சல் வந்தவனைப் போல் நடுங்குகிறது. பச்சை விழுந்து மிதித்தால் வண்டி இழுக்க மறுக்கிறது. மஞ்சள் என்ஜின் விளக்கும் எரிகிறது. பட்டறையில், "காயில் போய்விட்டது, நான்கையும் மாற்றவேண்டும்" என்கிறார்கள். தலையாட்டுமுன் சற்றுப் பொறுங்கள்.

பாட்டரி தருவது 12 வோல்ட். பிளக்கில் பொறி தெறிக்க 20,000 வோல்ட்கூடத் தேவைப்படலாம். காயிலுக்குள் இரண்டு கம்பிச் சுருள்கள் உள்ளன. முதல் சுருளில் ஓடும் மின்சாரம் சட்டென்று அறுபடும்போது, இரண்டாவதில் அந்த உயர் அழுத்தம் பிறக்கிறது. 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் நான்கு பிளக்குகளுக்கும் ஒரே காயில். அது போனால் வண்டி நடுவழியில் படுத்துவிடும். 2005-இல் வந்த பெரோடுவா மைவியிலோ பிளக்குக்கு ஒரு காயில். ஒன்று போனாலும் மற்றவை வண்டியை இழுத்துச் செல்லும். நடுக்கம் அதனால்தான்.

ஸ்கேனரில் 'பி0301' என்று வந்தால், முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். என்ஜினை அணைத்து ஆறவிட்டு, முதல் காயிலையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் பூட்டச் சொல்லுங்கள். பழைய குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது 'பி0303' வந்தால், கோளாறு காயிலோடு இடம் மாறிவிட்டது. அந்த ஒன்றை மாற்றினால் போதும். மறுபடியும் 'பி0301' வந்தால் காயில் நிரபராதி. பிளக்கையும் கம்பியையும் பாருங்கள்.

'பி0351' என்பது முதல் காயிலின் மின்சுற்றில் கோளாறு என்று சொல்லும். காயிலை மாற்றிய பிறகும் அது அசையவில்லையென்றால், பெரும்பாலும் கம்பியில்தான் வினை. சாவியைத் திருப்பி, காயில் சாக்கெட்டின் மின்சாரக் கம்பியில் மீட்டர் வைத்தால் ஏறத்தாழ 12 வோல்ட் காட்டவேண்டும். காட்டாவிட்டால் பியூஸையும் கம்பியையும் தேடுங்கள். எலி கடித்திருக்கலாம். என்ஜினில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியதால் சாக்கெட்டில் களிம்பு ஏறியிருக்கலாம். பிளக் குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால், வால்வ் கவர் கேஸ்கெட்டை மாற்றாமல் புதுக் காயில் போடுவது வீண். தேய்ந்த பிளக்கும் அப்படியே. இடைவெளி கூடக்கூடக் காயிலின் பாரம் கூடும், புதியதும் சீக்கிரம் சாகும்.

இரண்டு எச்சரிக்கைகள். என்ஜின் ஓடும்போது காயிலைக் கழற்றிப் பொறி பார்க்காதீர்கள். அந்த அழுத்தம் ஆளையே தூக்கியடிக்கும். என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், வேகத்தைக் குறைத்து, பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதன் விலைக்கு முன்னால் காயில் விலை கொசு.

அடுத்த முறை பட்டறைக்குப் போனால், "எந்தச் சிலிண்டர்? இடம் மாற்றிப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள். வெள்ளி உங்களுடையது அல்லவா?