நகைக் கடை எக்ஸ்ரே பெட்டி: ஒரு நிமிடத்தில் சொல்லும் மாற்றை எவ்வளவு நம்பலாம்?

ஸ்கூல் ஃபீஸ் கட்டும் ஜூன் மாதம் வந்தாலே பெரம்பூர் பக்கம் பல வீடுகளில் பீரோ திறக்கும். பாட்டி காலத்து வளையல் நகைக் கடைக்கோ அடகுக் கடைக்கோ போகும். முன்பெல்லாம் உரைகல்லில் ஒரு இழுப்பு, ஒரு சொட்டு ஆசிட், கடைக்காரரின் ஒரு பார்வை, அவ்வளவுதான். இப்போது கவுன்ட்டர் ஓரத்தில் மைக்ரோவேவ் அடுப்பு சைஸில் ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. வளையலை உள்ளே வைத்து மூடினால், ஒரு நிமிடத்துக்குள் திரையில் எண்கள் ஓடும்: தங்கம் 85.2, வெள்ளி 4.1, செம்பு 9.3, துத்தநாகம் 1.4. "இது 916 இல்லையேம்மா" என்பார் கடைக்காரர்.

இது சின்ன விஷயமில்லை. 5 சவரன் என்பது 40 கிராம். 916 என்றால் அதில் 36.64 கிராம் தங்கம் இருக்கும். 85 சதவிகிதம் என்றால் 34 கிராம்தான். இரண்டரை கிராமுக்கு மேல் ஒரே நிமிடத்தில் காணாமல் போய்விடுகிறது. அந்தப் பெட்டி சொல்வது சரிதானா என்று கேட்க யாருக்குத்தான் மனசு வராது?

பெட்டிக்குள் நடப்பது இதுதான். எக்ஸ்ரே கதிர் நகையின் மேல் படுகிறது. அணுவின் உள்வட்டத்தில் இருக்கும் ஓர் எலெக்ட்ரானை அது தட்டி வெளியே தள்ளுகிறது. காலியான இடத்துக்கு வெளிவட்ட எலெக்ட்ரான் இறங்குகிறது. இறங்கும்போது மிச்சமாகும் ஆற்றலை இன்னொரு எக்ஸ்ரேயாக வெளியே விடுகிறது. இந்த ஆற்றல் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு கைரேகை மாதிரி. செம்பு என்றால் சுமார் 8 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், தங்கம் என்றால் 9.7, வெள்ளி என்றால் 22. எந்த ரேகை எத்தனை முறை வந்தது என்று எண்ணிக் கணக்குப் போட்டால் கலவை தெரிந்துவிடும். இதற்கு எக்ஸ்ரே ஒளிர்வு நிறமாலை என்று பெயர், சுருக்கமாக எக்ஸ்.ஆர்.எஃப்.

இந்தக் கைரேகைகளை 1913-ல் வரிசைப்படுத்திக் காட்டியவர் ஹென்றி மோஸ்லி என்ற இங்கிலாந்து இளைஞர். இரண்டே வருடத்தில், முதல் உலகப் போரில் கல்லிப்போலியில் குண்டடிபட்டு இறந்துபோனார். வயது 27.

சுத்திகரிப்பு ஆலைகளில் குழாய் சரியான உலோகம்தானா என்று பார்க்க, துப்பாக்கி போன்ற கையடக்கக் கருவியை வைத்து அழுத்துவார்களே, அதுவும் எக்ஸ்.ஆர்.எஃப்-தான். மணலி, எண்ணூர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு 'பி.எம்.ஐ. டெஸ்ட்' என்றால் புரியும். அட, 2023 ஆகஸ்ட்டில் சந்திரயான்-3-ன் பிரக்யான் ரோவர் நிலா மண்ணை 23 இடங்களில் சோதித்ததே, அந்தக் கருவியும் இதே வழியில்தான் வேலை செய்தது. கதிரியக்கப் பொருளை வைத்து மண்ணைத் தூண்டி, திரும்பி வரும் எக்ஸ்ரேயை எண்ணியது. நிலாவில் செய்ததையே நம்மூரில் மூக்குத்திக்குச் செய்கிறார்கள்!

சரி, சிக்கல் எங்கே? எக்ஸ்ரே என்றதும் எலும்பு வரை ஊடுருவும் என்று நினைக்கிறோம். ஆனால் தங்கம் கனமான உலோகம். அதன் ஆழத்திலிருந்து கிளம்பும் கதிர் வெளியே வராமல் உள்ளேயே மடிந்துவிடும். பெட்டி உண்மையில் பார்ப்பது மேலே உள்ள சுமார் 10 மைக்ரான் மட்டும்தான். தலைமுடியின் தடிமனில் ஒரு சின்னப் பங்கு. நகைக்குத் தங்க முலாம் பூசியிருந்தால் எண் கூடிவிடும். கறுத்துப் போயிருந்தாலோ அழுக்கு படிந்திருந்தாலோ எண் பிசகும். உள்ளே டங்ஸ்டனை வைத்து, மேலே தடிமனாகத் தங்கம் போர்த்திய கட்டி என்றால் பெட்டி ஏமாந்தே போகும். டங்ஸ்டனின் அடர்த்தியும் தங்கத்தின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்று என்பதால், தண்ணீரில் போட்டு எடை பார்த்தாலும் தெரியாது.

வைக்கும் இடமும் முக்கியம். கதிர் படுவது ஒரு சின்னப் புள்ளியில்தான். சங்கிலியில் கண்ணிகளைப் பற்றவைத்த 'பொடி' மேல் அது பட்டால் தங்கம் குறைவாகக் காட்டும். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்கிறோமே, அந்தப் பொடி தட்டார் பட்டறையிலிருந்து வந்ததுதான் என்பார்கள். அதனால் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விலை பேசினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். துடைத்துவிட்டு, முன்பக்கம், பின்பக்கம், கொக்கி என்று மூன்று நான்கு இடங்களில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பது வாடிக்கையாளரின் உரிமை; கூச்சப்பட ஒன்றுமில்லை. நகையில் கதிர்வீச்சு ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயமும் வேண்டாம், ஒட்டாது.

ஹால்மார்க் மையங்களிலும் இந்தப் பெட்டி முதல் கட்டம்தான். பிறகு நகையிலிருந்து துளி சுரண்டி எடுத்து, வெள்ளி சேர்த்து ஈயத்தகட்டில் சுற்றி உலையில் உருக்குவார்கள். கடைசியில் நைட்ரிக் அமிலத்தில் வெள்ளியைக் கரைத்துவிட்டு, மிஞ்சும் தங்கத்தை எடை போடுவார்கள். பழங்கால முறைதான், ஆனாலும் இன்றும் இறுதித் தீர்ப்பு அதுதான். பி.ஐ.எஸ். அங்கீகாரம் பெற்ற மையத்தில் பொதுமக்களும் கட்டணம் கட்டித் தங்கள் நகையைச் சோதிக்கலாம்.

2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கும் ஹால்மார்க் நகையில் 6 இலக்க ஹெச்.யு.ஐ.டி. எண் கட்டாயம். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அதைத் தட்டிப் பார்க்கலாம். முத்திரையில் இருப்பதைவிடத் தரம் குறைவு என்று சோதனையில் தெரிந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்கின்றன 2018-ன் பி.ஐ.எஸ். விதிகள். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.