சம்பளம் வாங்குறோமே, சார்!

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். அரசு வேலையில் இருக்கிறான். பேச்சுவாக்கில், "மேலே இருந்து சொன்னா சரியோ தப்போ செஞ்சுதான் ஆகணும் சார். மாசாமாசம் சம்பளம் வாங்குறோமே" என்றான். "சரிப்பா" என்று சொல்லிவிட்டேன். நானும் சம்பளத் தேதியை எண்ணிக் குடும்பம் நடத்தியவன்தான். அவனை எந்த வாயால் குறை சொல்வது? ஆனால் அந்த வார்த்தை மனதை விட்டுப் போகவில்லை. அவனுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். இது நார்வே நாட்டு வாத்தியார்களின் கதை.

1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மன் படை நார்வேக்குள் நுழைந்தது. மன்னர் ஏழாம் ஹாக்கோன் லண்டனுக்குப் போய்விட்டார். 1942 பிப்ரவரி 1 அன்று, ஹிட்லரின் ஆதரவாளரான விட்குன் குவிஸ்லிங் ஜெர்மானியர் தயவில் அரசின் தலைவரானார். நான்கே நாளில் இரண்டு சட்டங்கள் வந்தன. பத்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரை எல்லாப் பிள்ளைகளும் கட்சியின் இளைஞர் அணியில் சேர வேண்டும். எல்லா ஆசிரியர்களும் அரசு தொடங்கும் புதிய ஆசிரியர் சங்கத்தின் உறுப்பினர்கள். அதாவது, பிள்ளைகளை நாஜிகளாக வளர்க்கும் வேலை வாத்தியார்கள் தலையில் விழுந்தது.

ஓஸ்லோவில் ஒரு சிறு குழு ரகசியமாகக் கூடி, மூன்று நான்கு வரியில் ஒரு கடிதத்தைத் தயாரித்தது. கட்சி சொல்லும் வழியில் பிள்ளைகளை வளர்ப்பது என் மனசாட்சிக்கு விரோதம், ஆகவே இந்தச் சங்கத்தில் நான் உறுப்பினன் அல்ல என்பதுதான் அதன் சாரம். எல்லோருக்கும் ஒரே வாசகம். ஆனால் கூட்டு மனு கிடையாது. ஒவ்வொருவரும் தன் பெயரைப் போட்டுத் தனித்தனியே தபாலில் அனுப்ப வேண்டும். நாட்டில் இருந்த சுமார் 12,000 ஆசிரியர்களில் 8,000 பேருக்கு மேல் அனுப்பினார்கள். பெரும்பாலோர் நம்மைப் போல ஆரம்பப் பள்ளி வாத்தியார்கள்.

அரசு வேலையைப் பறிப்பேன் என்று மிரட்டியது. எரிபொருள் தட்டுப்பாடு என்று சாக்குச் சொல்லிப் பள்ளிகளை ஒரு மாதம் மூடியது. அப்போது பெற்றோர்களும் ஆயிரக்கணக்கில் எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். மார்ச் 20ஆம் தேதி தொடங்கி சுமார் 1,100 ஆண் ஆசிரியர்களைக் கைது செய்தார்கள். முகாமில் பனியில் தவழவிட்டு, அரைவயிற்றுக்குச் சோறு போட்டு, கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பணிந்தவர்களும் உண்டு. பணியாதவர்களில் 600க்கும் மேற்பட்டவர்களை ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால், வடகோடியில் இருக்கும் கிர்க்கெனெஸ் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஜெர்மன் ராணுவத்துக்கு மூட்டை இறக்கும் வேலை.

இத்தனை பேரும் பொண்டாட்டி பிள்ளை இல்லாதவர்களா? அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்தது?

வெளியே வேலையில் இருந்த ஆசிரியர்களும் ஊர் ஜனங்களும் ரகசியமாகப் பணம் திரட்டி அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். இந்தக் கதையிலேயே எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வீரம் என்றால் ஏதோ தனி ஆளின் நெஞ்சுரம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஒருவர் நிமிர்ந்து நிற்க வேண்டுமானால், அவர் வீட்டு மளிகைக் கணக்கை இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இன்னொருவரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் வருவதில்லை.

முடிவு என்ன ஆயிற்று? அரசுதான் இறங்கி வந்தது. 8,000 வாத்தியார்களை நீக்கிவிட்டுப் பள்ளிக்கூடம் நடத்த முடியாது. நவம்பர் தொடக்கத்துக்குள் கிர்க்கெனெஸிலிருந்து கடைசிக் குழுவும் ஊர் திரும்பியது. பள்ளிகளைக் கட்சிப் பாசறை ஆக்கும் திட்டம் நிறைவேறவே இல்லை.

இதோடு நிறுத்திவிட்டால் நான் பாதிக் கதைதான் சொன்னவன் ஆவேன். அதே 1942 நவம்பர், 26ஆம் தேதி. ஓஸ்லோ துறைமுகத்திலிருந்து 'டொனாவ்' என்ற கப்பல் 500க்கும் மேற்பட்ட யூதர்களோடு புறப்பட்டது. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ். உயிரோடு திரும்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வீடு வீடாகப் போய் அவர்களைப் பிடித்து வந்ததில் நார்வே போலீசாருக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்களும் அரசுச் சம்பளக்காரர்கள்தான். மேலே இருந்து சொன்னார்கள், செய்தார்கள். அதற்காக நார்வே பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2012இல். எழுபது வருஷம் ஆயிற்று.

போலீசிலும் மறுத்தவர் இருந்தார். கட்டாய வேலைக்கு வராத இளம்பெண்களைக் கைது செய்யச் சொன்னபோது ஓஸ்லோ போலீஸ் அதிகாரி குன்னார் ஐலிஃப்சன் மறுத்தார். 1943 ஆகஸ்டில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். தனியாக நிற்பவருக்கு என்ன விலை என்பதற்கு அவரே சாட்சி. ஆயிரக்கணக்கில் நின்ற வாத்தியார்களை அப்படிச் செய்ய முடியவில்லை.

ஆகவே, தம்பி, நீ போனில் கேட்டதற்கு என் பதில் இதுதான். சம்பளம் நாம் செய்யும் வேலைக்கு. மனசாட்சிக்கு யாரும் சம்பளம் போடுவதில்லை. ஆனால் நீ ஒருவனாகப் போய் முட்டிக்கொள் என்றும் நான் சொல்லமாட்டேன். பக்கத்து மேசைக்காரரிடம் முதலில் பேசு. தப்பு என்று அவருக்கும் தோன்றினால், இரண்டு பேரும் ஒரே வாசகத்தை எழுதி, அவரவர் பெயரைப் போடுங்கள். யாருக்காவது சம்பளம் நின்றால், மற்றவர்கள் அந்த வீட்டுக்கு அரிசி பருப்பு கொண்டுபோய்க் கொடுங்கள்.

வெளியில் இருக்கும் நமக்கும் ஒரு வார்த்தை. "ஒருத்தனுக்காவது தைரியம் இருக்கா பாரு" என்று அரசு ஊழியரைத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவது சுலபம். நாளைக்கு ஒருவர் துணிந்து நின்றால், அவர் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட நம்மில் எத்தனை பேர் தயார்? அந்தக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு பேசினால் நியாயமாக இருக்கும்.

உங்கள் கருத்தையும் எழுதுங்கள். மறுத்து எழுதினாலும் சந்தோஷம்தான். எல்லோரும் நலமாக இருங்கள்.