மனக்கணக்கின் அவசியம்

கணக்குப்பொறியின்றிக் கணக்கு நடவாது என்னும் எண்ணம் நமது மாணவரிடையே வேரூன்றி வருகிறது. இது நல்லதன்று.

கடலூருக்கு அண்டையிலுள்ள புதுச்சேரியில், 1825-ஆம் வருஷத்தில், பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனனம் செய்திருந்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். வாரன் துரை தமது 'காலசங்கலித' நூலில் இதனைப் பதிந்திருக்கிறார். தொடக்க நேரத்தில் பிழை சுமார் 4 நிமிஷமே. முடிவு நேரத்தில் ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு. குறையுண்டு, ஆயினும் கணக்கு அவர் வசம் இருந்தது.

பொறியைப் பகிஷ்கரிக்குமாறு நாம் கூறவில்லை. ஆனால் 198-ஐ 51-ஆல் பெருக்கினால் விடை பதினாயிரத்தையொட்டி வருமென்று அறியாதவன், விரல் தவறி 5 என்று அழுத்திவிட்டால், பொறி காட்டும் 990-ஐயே நம்பிவிடுவான். 10,098 எங்கே, 990 எங்கே! கூலியிலும் வட்டியிலும் ஏழை ஏமாறுவதும் இவ்விதமே.

பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்விலோ பொறிக்கு இடமேயில்லை. ஆகவே, கடலூர், சிதம்பரம் உபாத்தியாயர்களை வேண்டிக்கொள்கிறோம்: தினந்தோறும் பத்து நிமிஷம் மனக்கணக்குக்கு ஒதுக்குங்கள், விடையை முன்னே மதிப்பிட்டுப் பின்னே கணக்கிடும் வழக்கத்தை ஊட்டுங்கள்.

தன் கணக்கைத் தானே சரிபார்க்க இயலாத ஜனசமூகம் பிறர் கூறும் தொகைக்குக் கட்டுப்பட்டே வாழவேண்டும். சுயராஜ்யம் பெற்ற தேசத்துக்கு அது தகுமா?