ட்ராக்குகளை பஸ்ஸில் ஏற்றுங்கள்!

கம்ப்யூட்டரில் இசையைப் பதிவு செய்யத் தொடங்கும் பலரும் முதலில் கேட்பது, "எந்த எஃபெக்ட் போடலாம்?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்தக் கருவியை எதனுடன் சேர்ப்பது?

காரைக்காலை அடுத்த கோட்டுச்சேரியில், ஒரு கோயில் விழாவின் நாதஸ்வரக் கச்சேரியைப் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம். இரண்டு நாதஸ்வரத்துக்கு 2 மைக். இரண்டு தவிலுக்கு, வலந்தலைக்கும் தொப்பிக்கும் தனித்தனியே வைத்தால் 4. தாளத்துக்கு 1, சுருதிப் பெட்டிக்கு 1. ஆக 8 ட்ராக். மிக்ஸ் செய்யும்போது நாதஸ்வரம் அமுங்குவதாகத் தோன்றும், அதை ஏற்றுவோம். உடனே தவில் குறைவாகத் தெரியும். அந்த நான்கையும் ஏற்றுவோம். சிறிது நேரத்தில் மாஸ்டர் மீட்டர் 0 டெசிபலைத் தாண்டிச் சிவப்பாகும், ஒலி கரகரக்கும். வலந்தலைக்கும் தொப்பிக்கும் இடையே பார்த்துப் பார்த்து வைத்த அளவும் கெட்டுவிடும்.

இதற்குத்தான் பஸ். பல ட்ராக்குகளின் ஒலியை ஒன்றாக ஏற்றிச் செல்லும் வழி இது. தவிலின் 4 ட்ராக்குகளையும் ஒரே பஸ்ஸுக்கு அனுப்பினால், ஒரு ஃபேடரை 2 டெசிபல் இறக்கினால் போதும். நான்கும் சேர்ந்து இறங்கும்; அவற்றுக்குள் உள்ள அளவு மாறாது.

எப்படிப் பிரிப்பது? நம் முன்னோர் கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டுப் பதிகப் பாடல் ஒன்றிலேயே மத்தளம், குடமுழா, வீணை, தாளம் என இவ்வகைக் கருவிகள் பல வருகின்றன. அந்தப் பிரிவே மிக்ஸிங்குக்கும் போதும் என்பது என் கருத்து. தாளமும் லயக் கருவிதானே என்று அதைத் தவிலுடன் சேர்க்காதீர்கள். தவில் பஸ்ஸில் கம்ப்ரஸர் போட்டால், ஒவ்வொரு பலத்த அடிக்கும் தாளத்தின் ஒலியும் சேர்ந்து அமுங்கும். கஞ்சம் தனியே இருக்கட்டும். சுருதியும் தனியே, ஒரே சீராக நிற்கட்டும்.

ரிவெர்ப் எஃபெக்ட்டை 8 ட்ராக்கிலும் போட்டுக் கம்ப்யூட்டரைத் திணறடிக்க வேண்டாம். அதற்கென ஒரு பஸ் வைத்து, ஒவ்வொரு குழுவிலிருந்தும் தேவையான அளவு அனுப்புங்கள். தனி ட்ராக்கிலிருந்து நேரே அனுப்பினால், குழுவின் ஃபேடரை இறக்கினாலும் ரிவெர்ப் மட்டும் பழைய அளவிலேயே கேட்டுக்கொண்டிருக்கும்.

ரீப்பர் சாஃப்ட்வேரில் ஒரு ட்ராக்கை ஃபோல்டராக்கி, மற்றவற்றை அதனுள் வைத்தால் அதுவே பஸ் ஆகிவிடும். 60 நாட்கள் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம். ஆடாசிட்டியின் 3 வரிசைப் பதிப்புகளில் பஸ் வசதி இல்லை. தவில் ட்ராக்குகளைத் தேர்வு செய்து 'மிக்ஸ் அண்ட் ரெண்டர் டு நியூ ட்ராக்' கொடுங்கள். பழையவற்றை அழிக்காமல் மியூட் செய்து வையுங்கள்.

ஒரு ஊர்க் குழுவின் வாசிப்புக்கு நீங்கள் எடுக்கும் பதிவு ஒன்றே மிஞ்சலாம். அன்று வாசித்ததை அவர்களே மறுநாள் அப்படியே வாசிக்க முடியாது. எஃபெக்ட்டுகளைத் தேடும் முன், பத்து நிமிடம் ஒதுக்கி ட்ராக்குகளுக்குப் பெயரிட்டுக் குழுக்களாகப் பிரியுங்கள். பாதி மிக்ஸிங் அங்கேயே முடிந்துவிடும்.